இறால் குளத்துக்குள் வந்த அஞ்சாலை

கேள்வி: அறுவடைக்காக உவர்நீர் இறால் குளத்தை வடித்தபோது, மதகின் அருகே நண்டு வளை ஒன்றிலிருந்து பாம்பு போன்ற மீன் வாயைத் திறந்து மூடியபடி தலையை நீட்டியது. இரண்டடி நீளம் இருக்கும். பழுப்பு உடலில் பொடி மஞ்சள் புள்ளிகள். இது விலாங்கா? விஷமுள்ளதா? நன்னீர்க் குளத்தில் விட்டு வளர்க்கலாமா?

பதில்: செவுளுக்குப் பின்னால் சிறு துடுப்பு இருந்தால் அது விலாங்கு, துடுப்பின்றி வட்டமான சிறு துளை மட்டும் தெரிந்தால் அஞ்சாலை, அதாவது விலாங்கைப் போலவே நீண்ட உடல்கொண்ட வேறொரு மீன். தாங்கள் கூறும் நிறமும் நீளமும், 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் விவரித்த ஜிம்னோதொராக்ஸ் டிலே என்னும் கழிமுக அஞ்சாலைக்குப் பொருந்துகின்றன.

அது வாயைத் திறந்து மூடுவது சீற்றத்தால் அன்று. செவுள்களுக்கு நீரை அனுப்பி மூச்சு விடுவதற்காகவே. பாம்பைப் போல விஷப்பல் கிடையாது. ஆனால் கூரிய பற்களோடு, பிடித்த இரையை உள்ளிழுக்கத் தொண்டைக்குள் இரண்டாவது தாடையும் உண்டு என்பதால் கடி ஆழமாக இறங்கும். சேற்று நீரில் அந்தப் புண் எளிதில் சீழ்பிடிக்கும்.

நன்னீர்க் குளத்தில் விட வேண்டாம். ஓதத்தோடு (கடல் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தோடு) ஏறி இறங்கும் உப்பைத் தாங்கும் உடல் அதற்கு உண்டு. உப்பே இல்லாத நீரில் நிலையாக வைத்தால் நாளடைவில் இரையெடுப்பதை நிறுத்தி மெலிந்துவிடும். அலங்கார மீன் வணிகத்தில் ‘நன்னீர் அஞ்சாலை’ என்று பெயரிட்டு விற்பதால் பலரும் இதில் ஏமாறுகின்றனர். மேலும், அஞ்சாலையின் இளம்பருவம் இலைபோல் தட்டையாக, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலோடு கடல் நீரோட்டத்தில் மிதந்து திரிவது; இறால் குஞ்சைப் போலப் பொரிப்பகத்தில் வாங்கி விட இயலாது.

தங்கள் குளத்துக்கும் ஓதநீரோடு சிறிதாக உள்ளே வந்து, கரையோர வளையில் தங்கி வளர்ந்திருக்கக்கூடும். பகலில் ஒளிந்திருந்து, இரவில் மோப்பத்தால் நண்டு, இறால், சிறுமீன்களைத் தேடும் இதற்குத் தோலுரித்து மென்மையாகக் கிடக்கும் இறால் எளிய இரை. ஆகவே அடுத்த முறை இறால் குஞ்சு விடுவதற்கு முன் குளத்தை வெடிப்பு விழும்வரை காயவிட்டு, கரையிலுள்ள வளைகளைத் தோண்டிக் களிமண்ணால் கெட்டித்து அடைக்கவும்; நீர் ஏற்றும் மதகில் நெருங்கிய கண்ணுள்ள வலையை இரண்டு அடுக்காகக் கட்டவும். வேண்டாத மீன்களைக் கொல்லக் குளத்தில் இடும் தேயிலை விதைப் பிண்ணாக்கிலுள்ள சப்போனின் என்னும் நச்சுப்பொருள், இறாலைவிட மீன்களையே கடுமையாகத் தாக்கும் என்றாலும், ஈர வளைக்குள் ஆழமாகப் பதுங்கியதை அது எட்டாது; எனவே வளைகளை அடைப்பதே முதல் வேலை.

இப்போது அகப்பட்டதைக் கையால் பற்றாமல் கைவலையில் அள்ளி, உப்பங்கழியிலேயே விட்டுவிடவும்.