பாடம் முதலா, மனம் முதலா?

கேள்வி: சிறிய சிறப்பு வகுப்பு ஒன்றுக்குப் பொறுப்பேற்றிருக்கிறேன். பத்திலிருந்து பதினான்கு வயது வரை எட்டுப் பிள்ளைகள். நீண்ட நாள் நோய், இடப்பெயர்வு, வீட்டில் நடந்தவை, முந்தைய பள்ளி வெளியேற்றியது என்று ஆளுக்கொரு காரணத்தால் படிப்பு அறுந்தவர்கள். இருவருக்கு ஆட்டிசம், ஒருவருக்கு டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம்), இன்னொருவருக்குக் கவனக்குறைபாடு. 'மனநலம் பேணும் பாடத்திட்டம்' ஒன்றை எழுதித் தரச் சொல்கிறார் தலைமையாசிரியர். முதல் மூன்று மாதம் கவுன்சலிங், ஓவியம், விளையாட்டு மட்டும் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் மனம் தேறிய பிறகு பாடத்தைத் தொடங்கலாம் என்பது என் யோசனை. இது சரியா? விட்டுப்போன பாடங்களை எப்படி ஈடுகட்டுவது?

– பெயர் வெளியிட விரும்பாத ஓர் ஆசிரியை

பதில்: பாடத்தை மூன்று மாதம் தள்ளிப்போடாதீர்கள். முதல் நாளே தொடங்குங்கள்.

உங்கள் யோசனைக்குப் பின்னால் இருக்கும் அக்கறை புரிகிறது. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றி ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: மற்றவர்களைவிடப் பின்தங்கிவிட்டோம் என்பது. மூன்று மாதம் படம் வரையச் சொன்னால், 'இதுங்களுக்குப் படிப்பு வராதுன்னு டீச்சரும் முடிவு பண்ணிட்டாங்க' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு பதின்மூன்று வயதுப் பையன் ஒரு பக்கத்தைத் தானாகவே வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது அவனுக்குள் நடப்பதை எந்தக் கவுன்சலிங்காலும் தர முடியாது. ஓவியமும் விளையாட்டும் இருக்கட்டும், கவுன்சலிங்கும் தொடரட்டும். ஆனால் கற்றுக்கொள்வதே தேறுவதின் பெரும்பகுதி என்று வைத்துக்கொண்டு திட்டத்தை எழுதுங்கள்.

அதற்காக, வகுப்புக்குரிய பாடப்புத்தகத்தை முதல் நாள் விரித்துவைப்பதும் உதவாது. பயத்தில் இருக்கும் பிள்ளையின் மூளை ஆபத்தைத் தேடுவதிலேயே மும்முரமாக இருக்கும். யோசிக்க, திட்டமிட, சொன்னதை நினைவில் நிறுத்திவைக்க வேண்டிய சக்தி அப்போது குறைந்துவிடுகிறது. நீங்கள் சொன்ன மூன்று வாக்கியத்தில் இரண்டு காதில் விழுந்திருக்காது, வராந்தாவில் யாரோ நடந்த சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டிருக்கும். ஆகவே பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது நாள் எப்படி நகரும் என்பது. தினமும் ஒரே வரிசை. சுவரில் படத்தோடு டைம்டேபிள். வாசலில் வரவேற்பவர் தினமும் ஒரே ஆள். மாற்றம் ஏதாவது இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஆட்டிசம் உள்ள அந்த இரண்டு பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். சந்தோஷமான திடீர் ஏற்பாடுகூட இவர்களில் சிலரைக் கலைத்துப்போட்டுவிடும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் பெரும்பாலான தகராறுகள் வெடிக்கும். பாடவேளைக்கு எழுதுவதைப் போலவே அந்த ஐந்து நிமிடத்துக்கும் யார் என்ன செய்வார்கள் என்று எழுதிவையுங்கள்.

1970-ஐ ஒட்டி லண்டனின் ஹாக்னி பகுதியில் மார்ஜரி பாக்ஸால் என்ற கல்வி உளவியலாளர் இப்படிப்பட்ட சிறு வகுப்புகளைத் தொடங்கிவைத்தார். ஒரு சிறு குழு, எப்போதும் இரண்டு பெரியவர்கள், பிள்ளைகளின் பெயர் மட்டும் அவர்களுடைய வழக்கமான வகுப்புப் பதிவேட்டிலேயே தொடரும். இரண்டு பெரியவர்கள் என்பது வேலைப் பளுவுக்காக மட்டும் சொன்னதில்லை. இருவர் ஒருவரோடொருவர் மரியாதையாகப் பேசுவதை, கருத்து வேறுபட்டாலும் கத்தாமல் தீர்த்துக்கொள்வதைப் பிள்ளைகள் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டாவது ஆளைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கும் மனம் விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டியிருக்கும்.

அடுத்து, விட்டுப்போன பாடங்கள். எல்லாவற்றையும் ஈடுகட்ட முடியாது, முயலவும் வேண்டாம். அடுத்த படிக்கு எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் தேடிப் பிடியுங்கள். ஒரு பிள்ளையிடம் 402-லிருந்து 167-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 365 என்று எழுதினால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். 4-இலிருந்து 1, 6-இலிருந்து 0, 7-இலிருந்து 2. கழித்தல் அவளுக்குத் தெரிகிறது. 402-இல் அந்தப் பூஜ்ஜியம் எதற்காக நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை. அவள் பள்ளிக்கு வராத நாட்களில் இடமதிப்பு நடந்து முடிந்திருக்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து 'எப்படிப் போட்டே, சொல்லு' என்று கேட்டால் ஐந்தே நிமிடத்தில் இது தெரிந்துவிடும். மொத்தமாகப் பரீட்சை வைத்து மதிப்பெண் மட்டும் போட்டால் தெரியவே தெரியாது.

தவறவிட்டதா, உண்மையிலேயே கற்றலில் சிரமமா என்பதைப் பிரித்துப் பார்ப்பது இந்த வேலையில் கடினமான பகுதி. பல பிள்ளைகளுக்கு இரண்டும் கலந்தே இருக்கும். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். பள்ளி மாறிக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்கு இது விட்டுப்போவது சகஜம். அப்புறம் ஒரே ஒரு விஷயத்தை எடுத்து, தினமும் கொஞ்ச நேரமாகச் சில வாரம் ஒழுங்காகக் கற்றுக்கொடுங்கள். வேகமாகப் பிடித்துக்கொண்டால் அது பெரும்பாலும் பாடம் விட்டுப்போனதால் வந்த இடைவெளிதான். நன்றாகச் சொல்லிக்கொடுத்தும் மறுநாள் நழுவிக்கொண்டே இருந்தால் நிபுணரிடம் முறையான மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள்.

வாசிப்பும் கணக்கும் படிப்படியாக ஏறுபவை. அவற்றில் ஆளுக்கொரு பாதை, தினமும் இருபது நிமிடம். அறிவியல், வரலாறு, இலக்கியம் எல்லாம் எட்டுப் பேருக்கும் சேர்த்தே, வயதுக்கேற்ற கனத்தோடு. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: வாசிக்கத் திணறும் பதின்மூன்று வயதுப் பையன் கையில் பூனைக்குட்டிப் படம் போட்ட குழந்தைப் புத்தகத்தைக் கொடுப்பது அவனை அவமானப்படுத்துவது. எழுத்து எளிதாக இருக்கட்டும், விஷயம் அவன் வயதுக்கு இருக்கட்டும். எரிமலை ஏன் வெடிக்கிறது என்பதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவன் வாயால் பதில் சொல்லட்டும், உதவி ஆசிரியர் எழுதிக்கொள்ளட்டும். எழுத முடியாதவன் யோசிக்க முடியாதவன் இல்லை.

வருகை இனியும் அறுபடும் என்பதையும் இப்போதே கணக்கில் எடுங்கள். மருத்துவமனை, நீதிமன்றம், வீடு மாறுவது என்று எதுவும் நடக்கலாம். பொதுப் பாடங்களை ஒரு வாரம் அல்லது இரண்டு வாரத்தில் முடிகிற, தனித்து நிற்கும் அலகுகளாக அமையுங்கள். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வரும் பிள்ளையின் மேசையில் 'நீ விட்டது' என்று ஒர்க்‌ஷீட் கட்டு காத்திருக்கக் கூடாது. ஏற்கனவே தெரிந்த ஒரு வேலையை முதலில் கொடுத்து, அன்றைய பாடத்தில் அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாடப்பொருளிலேயே சில முட்கள் இருக்கும். 'என் குடும்பம்' என்று கட்டுரை, குழந்தைப் பருவப் புகைப்படம் கொண்டுவரச் சொல்வது, குடும்ப மரம் வரைவது, விடுமுறையில் என்ன செய்தாய் என்று கேட்பது. பெற்றோரை விட்டுப் பிரிந்து வாழும் பிள்ளைக்கு இதில் ஒவ்வொன்றும் குத்தும். எல்லோருக்கும் இரண்டு மூன்று தலைப்பு கொடுத்துவிடுங்கள். யாரும் காரணம் சொல்லாமலே வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். நடந்ததைச் சொல் என்று நீங்களாகக் கிளறாதீர்கள், அது சிகிச்சையாளரின் வேலை. பிள்ளை தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே தெரிவிக்க வேண்டியிருக்கும். அதைப் பிள்ளையிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பேச்சுப் பயிற்சியாளர் வந்தால் பிள்ளையைத் தனியறைக்குக் கூட்டிப்போவதோடு நிறுத்தாமல், அடுத்த வாரப் பாடத்தில் வரும் சொற்களை முன்கூட்டியே பழக்கச் சொல்லுங்கள். உடல் அசைவு, ஓசை, வெளிச்சம் தொடர்பான ஆலோசனைகளையும் இப்படியே பாடவேளைக்குள் கொண்டுவரலாம்.

தலைமையாசிரியர் முன்னேற்றத்தைக் கேட்பார். மதிப்பெண்ணோடு இன்னும் சிலவற்றையும் தேதி போட்டுக் குறித்துவாருங்கள்: எவ்வளவு நேரம் வேலையில் உட்கார்ந்திருக்கிறாள், 'புரியலை, உதவி பண்ணுங்க' என்று எப்போது முதன்முறையாகக் கேட்டாள், கோபித்துக்கொண்டு வெளியே போனவள் எவ்வளவு நேரத்தில் திரும்பினாள். வாசிப்பிலும் கணக்கிலும் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு வந்திருக்கிறாள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறுவதை அவரே பார்ப்பார்.

கடைசியாக, இந்த வகுப்பிலிருந்து வெளியே போகும் வழியையும் இப்போதே எழுதிவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (2006) 24-ஆம் பிரிவில் எல்லோரையும் உள்ளடக்கிய கல்வியை உரிமையாகவே சொல்கிறது. எட்டுப் பேரும் பள்ளிக் காலம் முழுக்க இந்த ஒரே அறையில் கழிக்கக் கூடாது. ஒரு பிள்ளை எந்தப் பாடத்தில் மிகத் திடமாக இருக்கிறதோ, அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் முதலில் பொது வகுப்புக்குப் போகட்டும். அந்த ஆசிரியர் முன்னமே இங்கே சில தடவை வந்து பழகியிருக்க வேண்டும். முதல் சில நாள் உங்கள் உதவி ஆசிரியரும் கூடவே போய், பின் வரிசையில் உட்காரட்டும்.