சவுண்ட்பாருக்குத் தனி சப்வூஃபர்: மட்டக்களப்பிலிருந்து சில பதில்கள்

மட்டக்களப்பு நகரில் முப்பது வருடங்களுக்கு மேலாக அம்ப்ளிஃபயர்களையும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் திருத்திவருகிறேன். தொலைக்காட்சியின் கீழே வைக்கும் நீண்ட ஸ்பீக்கரான சவுண்ட்பாருடன், தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனிப் பெட்டியான சப்வூஃபரைச் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்தக் கம்பனி நல்லது, எந்தக் கடை மலிவு என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கேள்வி (ஆரையம்பதி): ஐயா, எங்கள் 43 அங்குலத் தொலைக்காட்சியுடன் ஒரு சவுண்ட்பார் இருக்கிறது. தனியாக ஒரு சப்வூஃபர் வாங்கி இணைக்கலாமா?

பதில்: கடைக்குப் போகுமுன் சவுண்ட்பாரைச் சுவரிலிருந்து இறக்கி, அதன் பின்புறத்தைப் பாருங்கள். ‘சப் அவுட்’ என்று எழுதிய வட்டமான ஆர்.சி.ஏ துவாரம் அங்கே இருந்தால், சொந்த அம்ப்ளிஃபயர் உள்ள எந்த சப்வூஃபரையும் ஒரேயொரு வயரால் இணைத்துவிடலாம். என் மேசைக்கு வந்த சவுண்ட்பார்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் துவாரம் இருக்கவில்லை. அப்படியானால், அந்த மொடலுக்கு உரியது என்று தயாரிப்பாளரே கையேட்டில் குறிப்பிட்டிருக்கும் வயர்லெஸ் சப்வூஃபர்தான் நேரடியாகச் சேரும். இரண்டிலும் ஒரே கம்பனியின் பெயர் இருப்பதை நம்பி வாங்கிவந்து, இரண்டு நாட்களாகப் பொத்தானை அமுக்கிக் களைத்தவர்களை நான் அறிவேன்.

அந்தத் துவாரத்தைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. சவுண்ட்பாருக்குள் இருக்கும் இரண்டு, மூன்று அங்குல ஸ்பீக்கர்களுக்குத் தாழ்ந்த ஒலியை எழுப்பும் அளவுக்குக் காற்றைத் தள்ளும் வலு இல்லை. ஆகையால், 5.1 ஒலியில் (ஐந்து சாதாரணத் தடங்களும் தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு தடமும்) ‘.1’ என்று குறிக்கப்படும், 120 ஹேர்ட்ஸ் வரையான தனித் தடத்தையும், மற்றத் தடங்களின் அடிப்பகுதியையும் ஒன்றாகக் கூட்டி, நேரமும் பொருந்தும்படி அந்தத் துவாரத்தின் வழியே சவுண்ட்பாரே வெளியே அனுப்புகிறது. ரிமோட்டில் சத்தத்தைக் குறைத்தால் சப்வூஃபரும் கூடவே குறையும். வேறு வழிகளில் ‘.1’ தடம், நேரப் பொருத்தம், ரிமோட்டின் கட்டுப்பாடு ஆகிய இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை இழக்க நேரிடும்.

கேள்வி (காத்தான்குடி): 1000 வாட் என்று பெட்டியில் அச்சடித்த சப்வூஃபர் மலிவாகக் கிடைக்கிறது. நம்பலாமா?

பதில்: அட்டைப்பெட்டியை விட்டுவிட்டு, மின்வயர் நுழையும் இடத்தில் ஒட்டியிருக்கும் சிறிய தகட்டை வாசியுங்கள். ‘230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், 60 வாட்’ என்று அங்கே இருந்தால், சுவரிலிருந்து 60 வாட் வாங்கும் பொருள் தொடர்ந்து 1000 வாட் கொடுக்க எந்த வழியும் இல்லை. வாட்டை இரட்டிப்பாக்கினாலும் மூன்று டெசிபெல்தான் கூடும். காதுக்கு அது சிறிய வித்தியாசம். ஸ்பீக்கரின் அதிரும் கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் ரப்பரா, ஸ்பொஞ்சா என்பதையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நமது வெக்கையிலும் ஈரக் காற்றிலும் ஸ்பொஞ்ச் வளையம் சில வருடங்களில் புட்டுப்போல் உதிர்ந்துவிடும்.

கேள்வி (வாழைச்சேனை): சவுண்ட்பாருக்கு எந்த சப்வூஃபரும் பொருந்துமா?

பதில்: பின்புறத்தைப் பாருங்கள். விபரம் முதலாவது பதிலில் இருக்கிறது.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): அண்ணன், சப்வூஃபரை எங்கே வைப்பது? ஹோல் பத்து அடிக்குப் பதினான்கு அடி. பாட்டுப் போட்டால் ஓர் இடத்தில் இடிக்கிறது, கதிரையில் இருந்தால் ஒன்றுமே இல்லை.

பதில்: தம்பி, உங்கள் சப்வூஃபரில் பிழையில்லை. பதினான்கு அடிச் சுவர்களுக்கிடையே ஏறக்குறைய 41 ஹேர்ட்ஸிலும், பத்து அடிச் சுவர்களுக்கிடையே 57 ஹேர்ட்ஸிலும் ஒலி நின்று ஆடும். அந்தச் சுருதிகள் சுவர் ஓரங்களில் வீங்கி, நடுவில் மெலிந்துவிடும். உங்கள் கதிரை அநேகமாக நடுவில் இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி அந்தக் கதிரையிலேயே வைத்து, ஒரே மாதிரியான தாழ்ந்த ஓசை தொடரும் பாட்டைப் போட்டுவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து செல்லுங்கள். வீட்டிலுள்ளவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. எந்த இடத்தில் ஒவ்வொரு தாழ்ந்த ஓசையும் சமமாகவும் தெளிவாகவும் கேட்கிறதோ, அங்கேதான் சப்வூஃபர் இருக்க வேண்டும்.

ஒரு வாடிக்கையாளர், சப்வூஃபர் ‘கிர்’ என்று கிழிவதாகச் சொல்லி மூன்று தடவை என்னிடம் கொண்டுவந்தார். கடையில் அது ஒழுங்காகவே பாடியது. நான்காவது தடவை நானே அவர் வீட்டுக்குப் போனேன். ஷோகேஸின் இரண்டாம் தட்டில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்த ஆறு கண்ணாடிக் குவளைகளில் ஒன்றை விரலால் தொட்டேன், சத்தம் நின்றுவிட்டது. குவளைகளுக்கிடையே துணி வைத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

மாரி வெள்ளம் வாசலுக்கு வரும் வீடாக இருந்தால் சப்வூஃபரை ஒரு சீமெந்துக் கல் உயரத்தில் வையுங்கள். காற்றுத் துவாரம் உள்ள பெட்டிக்குள் பல்லி புகுந்து அம்ப்ளிஃபயர் பலகையில் கருகிக் கிடந்ததை நான் பல தடவை கண்டிருக்கிறேன். பாவிக்காத நாட்களில் அந்தத் துவாரத்தைத் துணியால் அடைத்துவையுங்கள்.

கேள்வி (கல்முனை): முதலாவது பதிலை நான் ஏற்கமாட்டேன். என் சவுண்ட்பாரில் ‘சப் அவுட்’ இல்லை. அது ஏ.ஆர்.சி வழியாக, அதாவது தொலைக்காட்சியின் ஒலியை எச்.டி.எம்.ஐ வயரால் வாங்கி, வேலை செய்கிறது. தொலைக்காட்சியின் ஹெட்போன் துவாரத்திலிருந்து பத்து அங்குல சப்வூஃபருக்குத் தனியாக வயர் கொடுத்திருக்கிறேன். சுவர் அதிர்கிறது. பிறகு எதற்கு அந்தத் துவாரம்?

பதில்: சத்தம் வராது என்று நான் எழுதவில்லை. சில தொலைக்காட்சிகளில் ஏ.ஆர்.சி வேலை செய்யும்போது ஹெட்போன் துவாரம் ஊமையாகிவிடும். உங்களுடையதில் ஆகவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் ஹெட்போன் துவாரத்தில் வருவது இரண்டு தட ஒலி. 5.1 ஒலியை இரண்டாகச் சுருக்கும்போது வழக்கமாக ‘.1’ தடம் கைவிடப்படும். பாடல்களின் தாழ்ந்த ஒலி, இடம், வலம் ஆகிய தடங்களிலேயே இருப்பதால் உங்கள் சுவர் அதிர்கிறது. படத்தில் பாலம் இடிந்து விழும்போது அதே அளவு அதிர்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அத்தோடு, ஏ.ஆர்.சியில் போகும் ஒலியைச் சவுண்ட்பார் பிரித்து வெளியிடச் சிறிது நேரம் எடுக்கும். உங்கள் சப்வூஃபர் அதற்குக் காத்திராமல் முந்திக்கொள்ளும்.

கேள்வி (அக்கரைப்பற்று, தொலைக்காட்சி திருத்துபவர்): கல்முனைக்காரரின் பக்கம்தான் நான். எட்டு, பத்து மில்லி செக்கன் முந்துவது யாருடைய காதுக்குத் தெரியும்? வாடிக்கையாளரைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: தொழில் தெரிந்தவர் கேட்பதால் விரிவாகவே சொல்கிறேன். முந்துவது முந்துவதாகக் கேட்காது என்பது உண்மை. 60 ஹேர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலைக்கு ஏறக்குறைய 16.7 மில்லி செக்கன் ஆகிறது. அதில் பாதி 8.3. நீங்கள் ‘யாருக்குத் தெரியும்’ என்று கேட்ட அந்த எட்டு மில்லி செக்கனில், சவுண்ட்பார் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் சப்வூஃபர் இழுத்துக்கொண்டிருக்கும். கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியும் இழுப்பதுபோல இரண்டும் எதிரெதிரே நின்றால், இரண்டும் சேர்ந்து பாடும் சுருதியில், அதாவது 80 முதல் 150 ஹேர்ட்ஸ் வரையான இடத்தில், சில சுருதிகள் குழியாகிவிடும். முழவின் உடல் போய், கீழே முழக்கமும் மேலே தோலின் சத்தமும் மட்டும் மிஞ்சும்.

சோதிப்பதற்குச் செலவில்லை. மேளம் தெளிவாகக் கேட்கும் பாட்டைப் போட்டு, சப்வூஃபரின் சுவிட்சை அணையுங்கள். அணைத்ததும் மேளம் மெலிந்தால் நல்லது. அணைத்ததும் அது நிமிர்ந்து நின்றால், இரண்டும் சண்டையிட்டுக்கொண்டிருந்தன என்று பொருள். அதற்குப் பின், சப்வூஃபரின் தள்ளலையும் இழுப்பையும் தலைகீழாக்கும் ‘ஃபேஸ்’ (PHASE) ஆளியை 0 இலிருந்து 180 இற்கு மாற்றிக் கேளுங்கள். சவுண்ட்பாரில் ஒலித் தாமத அமைப்பு இருந்தால் அதைப் பூச்சியத்தில் வையுங்கள். அதுவும் போதாவிட்டால் சப்வூஃபரை உங்களிடமிருந்து தள்ளி வையுங்கள். நமது வெக்கையில் ஒலி ஒரு மீற்றரைக் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லி செக்கன் எடுக்கும் என்பதால், ஒவ்வொரு மீற்றரும் உங்களுக்கு அவ்வளவு தாமதத்தை இலவசமாகத் தரும்.

கேள்வி (ஏறாவூர்): அண்ணன், சப்வூஃபரை இணைத்ததும் ‘ம்ம்’ என்று ஓயாத இரைச்சல். மூன்று கம்பிப் பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றினால் நிற்கும் என்று கடையில் சொன்னார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. இரைச்சல் நிற்கும், ஆனால் ஒருநாள் உள்ளே வயர் நழுவினால் சப்வூஃபரின் இரும்புப் பகுதியைத் தொடும் பிள்ளையின் உடல்தான் எர்த் ஆகும். இந்த வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். டிஷ்ஷிலிருந்து வரும் வயரை முதலில் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், இரண்டு எர்த்துகளுக்கிடையே மின்சாரம் சுற்றி ஓடுகிறது. தொலைக்காட்சி, சவுண்ட்பார், சப்வூஃபர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், தொலைக்காட்சியின் ஒப்டிகல் துவாரத்தில் ஒளியாக வரும் ஒலியைச் சாதாரண வயருக்கு மாற்றும் சிறிய பெட்டி ஒன்றைச் செருகி அதிலிருந்து சப்வூஃபருக்குக் கொடுங்கள். ஒளிக் கம்பியில் மின்சாரம் ஓடாது. தொலைக்காட்சியின் அமைப்பில் ‘பி.சி.எம்’ என்று தெரிவுசெய்ய மறக்க வேண்டாம்.

கேள்வி (செங்கலடி): என்னுடைய சவுண்ட்பாருக்கு எட்டு அங்குல சப்வூஃபர் சேருமா?

பதில்: பின்புறம்.

கேள்வி (திருக்கோவில்): சவுண்ட்பாரைத் திறந்து, உள்ளே ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்து சப்வூஃபருக்கு இழுத்தால் என்ன?

பதில்: புதிய சவுண்ட்பார்களின் அம்ப்ளிஃபயரில் பெரும்பாலும் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளும் உயிருள்ளவை, எதுவும் எர்த் அல்ல. சப்வூஃபரின் வயர் வழியே அவற்றில் ஒன்று எர்த்துடன் தொட்டால் சிப் எரிந்துபோகலாம். அப்படி எரிந்த பலகைகள் என்னிடம் ஒரு பிஸ்கட் பேணி நிறைய இருக்கின்றன.

கேள்வி (சாய்ந்தமருது): புளூடூத் ஸ்பீக்கரையே சப்வூஃபராகப் பாவிக்கலாமா?

பதில்: முடியாது. புளூடூத்தின் தாமதம் உதட்டசைவிலேயே தெரியும்.

கேள்வி (கல்முனை, மறுபடியும்): சோதித்தேன். அணைத்ததும் மேளம் நிமிர்ந்தது, உண்மைதான். ஆளியை 180 இற்கு மாற்றி, பெட்டியை இரண்டு மீற்றர் பின்னால் கதவோரம் வைத்தேன். இப்போது பாட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் படத்தில் வெடி மட்டும் இன்னும் மெலிவு. சப்வூஃபரின் குமிழைக் கூட்டவா?

பதில்: கூட்டாதீர்கள், பாட்டு மறுபடியும் வீங்கும், வெடி அப்படியே இருக்கும். அது உங்கள் வயரில் வந்துசேராத ‘.1’ தடம்.