கேள்வி – பதில்: கடல் கடந்து குடியேறும் முன்

அண்மையில் வந்த கடிதங்களில் பல, குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்களிடமிருந்தும் அவர்களை அனுப்பிவைக்கப் போகிறவர்களிடமிருந்தும் வந்தவை. அவற்றுள் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். எழுதிய எல்லோருமே கனடாவைக் குறிப்பிட்டிருப்பதால், விதிமுறைகளைச் சொல்லும் இடங்களில் அந்நாட்டு விதிகளையே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் வரும் ஆனி மாதம் டொரண்டோவில் குடியேறப் போகிறோம். பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்துவிட்டது. ஊரில் தாத்தா கட்டிய வீடும் இரண்டு ஏக்கர் நஞ்சையும் இருக்கின்றன. வெளிநாட்டில் குடியேறியவர்கள் விவசாய நிலம் வைத்திருக்கக் கூடாது என்கிறார்கள். விற்றுவிட்டுப் போவதா, சித்தப்பா மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் உண்மை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, இந்தியாவில் வசித்த காலத்தில் உங்களுக்குச் சொந்தமாகிவிட்ட விவசாய நிலத்தை, வெளிநாட்டில் குடியேறிய பிறகும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம். இனி வாரிசுரிமையாக வருவதையும் பெற்றுக்கொள்ளலாம். வெளிநாடுவாழ் இந்தியராக ஆன பிறகு விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ புதிதாக விலைக்கு வாங்கத்தான் முடியாது. பின்னாளில் விற்க நினைத்தால், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே அந்த நஞ்சையை விற்க முடியும். ஆகவே சட்டத்துக்குப் பயந்து அவசரமாக விற்க வேண்டியதில்லை. புறப்படும் தேதியைத் தெரிந்துகொண்டு விலை பேச வருகிறவர்கள் நியாயமான விலை சொல்வது அரிது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

‘தாத்தா கட்டிய வீடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது? நம் கிராமங்களில் தாத்தா இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் பட்டா அவர் பெயரிலேயே கிடப்பதும், அண்ணன் தம்பிகளுக்குள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உழுதுகொண்டிருப்பதும் சாதாரணம். உள்ளூரில் இருக்கும்வரை அது பெரிய சிக்கலாகத் தெரியாது. நீங்கள் போன பிறகு ஒரு கையெழுத்துக்காகக் கண்டம் தாண்டி வரவேண்டியிருக்கும். அப்போதுதான் உறவுக்குள் கசப்பு தொடங்குகிறது. எனவே வாரிசுச் சான்று, பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினை, பட்டா மாறுதல் ஆகியவற்றை முடித்துவிட்டு, வில்லங்கச் சான்று ஒன்றையும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். பெட்டி வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

பவர் எழுதிக் கொடுப்பது தவறில்லை. எல்லா அதிகாரங்களையும் அள்ளிக் கொடுக்கும் பொது அதிகாரப் பத்திரம் உங்களுக்குத் தேவையா என்பதை மட்டும் யோசியுங்கள். வாடகை வாங்குவது, வீட்டுவரி, மின்கட்டணம் செலுத்துவது, குத்தகையைப் பார்த்துக்கொள்வது, வருவாய்த் துறை அலுவலகங்களில் உங்கள் சார்பில் மனுக் கொடுப்பது ஆகியவற்றோடு நிறுத்தி, விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரமில்லை என்று தெளிவாக எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். சித்தப்பா மகனை நம்பாததால் இப்படிச் சொல்லவில்லை. நாளை அவருக்கு ஒரு கடன் நெருக்கடி வந்தால், அந்தச் சோதனையிலிருந்து அவரையும் இந்தப் பத்திரம் காப்பாற்றும். புறப்படுவதற்குள் முடியாமல் போனால், அங்கிருந்து எழுதி இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றுபெற்று அனுப்பலாம். ஆனால் அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும்.

வீட்டைப் பூட்டி வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆளில்லாத பழைய வீடு வெகுவிரைவில் சீரழிந்துவிடும். குறைந்த வாடகையானாலும் ஒரு குடும்பத்தைக் குடிவைத்து, எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். வாடகை பற்றிய 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் பொருந்தும் இடமானால், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியராகிவிடுவதால், வாடகையில் வரிப்பிடித்தம் செய்து செலுத்தும் பொறுப்பு குடியிருப்பவருக்கு வந்துவிடுவதையும் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் சாதாரண சேமிப்புக் கணக்கு வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற வேண்டும், பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கை முதிர்வுக் காலம் வரை தொடரலாம், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. அப்பா இல்லை. நான் ஒரே மகள். கணவரும் பிள்ளைகளும் நானும் டொரண்டோவுக்குக் கிளம்புகிறோம். அம்மா எங்களோடு வர மறுக்கிறார். கோயம்புத்தூரில் நல்ல முதியோர் குடியிருப்பு ஒன்றில் இடம் பார்த்திருக்கிறோம். அதற்கும் முகம் கொடுக்கவில்லை. குற்ற உணர்ச்சியால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் அம்மா மறுப்பதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் பூக்காரம்மாவிடம் நாலு வார்த்தை, மாலையில் கோயில், பக்கத்து வீட்டுத் திண்ணை, வாசலில் நின்றபடியே மருந்து வாங்கித் தரச் சொல்ல ஒரு பையன், நாற்பது வருடமாகக் கைபார்க்கும் டாக்டர்: ஒரு மூதாட்டியைத் தாங்கி நிற்கும் இந்த ஏற்பாட்டைக் கோயம்புத்தூரிலும் எவராலும் புதிதாகச் செய்து கொடுக்க முடியாது. அந்தக் குடியிருப்புகள் பலருக்கு நல்ல முடிவாக அமைந்திருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் மகள் போகும் அதே மாதத்தில் ஊரையும் வீட்டையும் சேர்த்து இழக்கும்படி ஒருவரைக் கேட்பது மிகவும் கடினமானது. அவர் நடமாட்டமாக இருக்கும்வரை கும்பகோணத்திலேயே இருக்கட்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். முடியாத காலம் வரும்போது என்ன செய்வது என்பதை மட்டும் இப்போதே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவரைப் பற்றி அவர் இல்லாத அறையில் முடிவெடுக்காதீர்கள்.

ஊரிலேயே இருக்கிறார் என்று முடிவானால், அதற்கு வேண்டியதை நீங்கள் கிளம்புவதற்கு முன்பே நடத்திப் பார்த்துவிட வேண்டும். இரவில் நெஞ்சுவலி என்றால் முதலில் யார் வருவார், சாவி யாரிடம் இருக்கும், எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும், மருந்துச் சீட்டுகள் எந்தப் பையில் இருக்கின்றன என்பவை அம்மாவுக்கும் அண்டை வீட்டாருக்கும் 108க்குச் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவராக இருந்தால், ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றுக்கு யார் உதவுவார் என்று பாருங்கள். வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயர் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கூட இருந்து சமைக்கவோ துணைக்குப் படுக்கவோ ஒருவரை அமர்த்துவதானால், நீங்கள் போவதற்கு இரண்டு மாதம் முன்பே வரச் சொல்லுங்கள். புது ஆளோடு அம்மாவுக்கு ஒத்துப்போகிறதா என்பது நீங்கள் இருக்கும்போதே தெரிய வேண்டும்.

தொலைபேசிக்கு ஒரு நேரம் குறித்துவிடுங்கள். டொரண்டோவில் கோடைக்கால இரவு 9 மணி என்றால் கும்பகோணத்தில் மறுநாள் காலை 6.30, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு நீங்கள் பேசலாம், அம்மாவும் காபி குடித்துக்கொண்டிருப்பார். நவம்பர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றிலிருந்து மார்ச் வரை அதே அழைப்பு இங்கே 7.30க்குத்தான் வரும். இதை முன்பே சொல்லி வைக்காவிட்டால், அந்த ஒரு மணி நேரமும் அம்மா என்ன ஆயிற்றோ என்று தவித்துப் போவார்.

அம்மா அங்கே வந்து தங்கும் வழியும் அடைபட்டுவிடவில்லை. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்கள் தம் பெற்றோருக்குச் சூப்பர் விசா கேட்கலாம். 10 ஆண்டுகள் வரை செல்லுபடியாகும் அந்த விசாவில் ஒருமுறை சென்றால் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். அழைக்கும் பிள்ளைக்குக் குறிப்பிட்ட அளவு வருமானம் இருக்க வேண்டும். பெற்றோருக்குக் குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். முதல்முறை ஒரு கோடையில் அழைத்துப் பாருங்கள். பனிக்காலத்தில் வந்து நாலு சுவருக்குள் அடைந்து கிடந்த தாய்மார் பலர் மறுபடி வரச் சம்மதிப்பதில்லை.

கேள்வி: எங்களுக்குப் பதினைந்து வயதில் ஒரு மகள். கனடா போகிறோம் என்று சொன்னதிலிருந்து எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. விசா வந்த பிறகும், கண்ணேறு பட்டுவிடும் என்று, கிளம்பும்வரை தோழிகளிடம் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறோம்.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: அவள் பேசாமலிருப்பதற்குக் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த தோழிகளிடம் தினமும் ஒன்றை மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்வருகிறாள். திடீரென்று ஒருநாள் அவள் காணாமல் போனால், தோழிகளுக்கு அது துரோகமாகத் தோன்றும். அந்தப் பழியும் அவள் தலையில்தான் விழும். விசா கையில் வந்துவிட்ட பிறகு மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை. இன்றே சொல்லச் சொல்லுங்கள். வீட்டுக்குத் தோழிகளை அழைத்துவரட்டும், ஒரு நாள் அவர்களுக்கென்றே ஒதுக்கட்டும், எதை எடுத்துச் செல்வது என்பதில் ஒரு பெட்டியை முழுக்க அவளிடமே விட்டுவிடுங்கள்.

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையருகே உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழர்களை அங்கிருந்த மீனவர்கள் மீட்டார்கள். இலங்கையில் 1983இல் நடந்த தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பிறகு அப்படியும் வேறு பல வழிகளிலும் போய்ச் சேர்ந்தவர்கள்தாம் டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியைத் தமிழ் கேட்கும் ஊராக ஆக்கினார்கள். அவர்களில் பலருக்கு யாரிடமும் சொல்லிக்கொண்டு வர அவகாசம் கிடைக்கவில்லை. உங்கள் மகளுக்கு அந்த அவகாசம் இருக்கிறது. நீங்களாக அதைப் பறிக்க வேண்டாம். டொரண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாநிலத்துப் பள்ளிகளில் தமிழை ஒரு பாடமாகப் படித்து உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் அலகாகக் கணக்கில் சேர்க்க வழி உண்டு என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழோடு அவளுடைய தடுப்பூசி அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பள்ளியில் சேர்க்கும்போது கேட்பார்கள்.

கேள்வி: குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுபோக வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். நகைகளையும் பித்தளைப் பாத்திரங்களையும் எப்படிக் கொண்டுபோவது?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: பஞ்சத்துக்கும் பிழைப்புக்கும் ஊர் மாறியவர்கள் பிடிமண் எடுத்துப்போய்ப் புது இடத்தில் தங்கள் சாமியை நிறுத்தியது உங்கள் பக்கத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம். உங்கள் மாமியார் கேட்பதன் கனம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் இந்திய மண்ணைக் கனடாவுக்குள் கொண்டுசெல்லத் தடை இருக்கிறது. பயிர்நோய்க் கிருமிகள் மண்ணோடு பரவும் என்பதுதான் காரணம். மறைத்துக் கொண்டுபோய்ப் பிடிபட்டால், புது நாட்டில் கால்வைக்கும் முதல் நாளே அவமானமாகிவிடும். கிளம்புவதற்கு முன் குடும்பத்தோடு போய்ப் பொங்கலிட்டு, பூசாரி கையால் திருநீறு வாங்கிக்கொள்ளுங்கள். சாமியின் படத்தையும் கோயில் மணியோசையையும் பதிவு செய்துகொள்ளுங்கள். பிடிமண் போக முடியாததைப் பூசாரி முன்னிலையிலேயே மாமியாரிடம் சொல்லுங்கள்; அவர் வாயால் ‘பரவாயில்லை’ என்று கேட்டால் மாமியாருக்கு மனம் ஆறும். செடிகளுக்கும் விதைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு என்பதால் கறிவேப்பிலைக் கன்றையும் விட்டுவிடுங்கள்.

நகைகளுக்கு மதிப்புச் சான்றும் படங்களும் எடுத்துக்கொண்டு, புறப்படும் விமான நிலையத்தில் சுங்கத் துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். திரும்ப ஊருக்கு வரும்போது அவை இங்கிருந்து போனவைதாம் என்று காட்ட அது உதவும். கனடாவில் இறங்கும் முதல் நாளே, கையோடு கொண்டுவந்த பொருள்களுக்கு ஒரு பட்டியலும், பின்னால் வரவிருப்பவற்றுக்கு ஒரு பட்டியலும் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் ஏற்கெனவே வைத்திருந்து புழங்கிய பொருள்களுக்கு வரியில்லை; பட்டியலில் விட்டுப்போன பொருள் பின்னால் வந்தால்தான் தொல்லை. 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ பணமாகக் கொண்டுபோனால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் அடுத்த மாதம் கனடா போகிறார்கள். என் மனைவி அழுதுகொண்டே இருக்கிறாள். நான் அழுதால் பையன் போகாமல் நின்றுவிடுவானோ என்று எதையும் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறேன். இது சரிதானா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஐயா, நீங்கள் அடக்கிக்கொண்டிருப்பது உங்கள் மகனுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் அதற்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது. அப்பாவுக்குக் கோபமா, விருப்பமில்லையா, அல்லது அவ்வளவாகப் பாதிக்கவில்லையா என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்திருப்பார். ‘நீ போவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நீ போக வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு எந்த மகனும் பயணத்தை நிறுத்திவிட மாட்டார்.

‘இரண்டே வருஷத்தில் திரும்பிவிடுவோம்’ என்று அவர் ஆறுதலுக்குச் சொன்னால், அதை வாக்குறுதியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். வதிவிட உரிமையைக் காத்துக்கொள்ள 5 ஆண்டுகளில் 730 நாள்கள் அவர் அங்கே இருந்தாக வேண்டும். குடியுரிமை கேட்பதானால் 1,095 நாள்கள். அதற்குள் பிள்ளைகளின் படிப்பு வேர்விட்டுவிடும். பெரும்பாலான குடும்பங்கள் திரும்புவதில்லை. அதைத் தெரிந்துகொண்டே அனுப்பிவைப்பது இப்போது வலிக்கும். ஆண்டுதோறும் எதிர்பார்த்து ஏமாறுவது அதைவிட வலிக்கும்.

இன்னொன்றையும் நீங்கள்தான் பேச்சை எடுத்துப் பேச வேண்டும், ஏனென்றால் மகனால் அதைக் கேட்க முடியாது. உங்களுக்கோ உங்கள் மனைவிக்கோ ஏதேனும் ஆகிவிட்டால் அவர் வரும்வரை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருக்க வேண்டுமா, கொள்ளி வைக்க அவரால் வர இயலாவிட்டால் அண்ணன் தம்பி பிள்ளைகளில் யார் வைப்பது என்பதை உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். வழியில் விமானம் மாறி டொரண்டோவிலிருந்து திருநெல்வேலி வந்து சேர, உடனே டிக்கெட் கிடைத்தாலும், ஏறக்குறைய இரண்டு நாள் ஆகிவிடும். ‘எனக்காகக் காத்திருக்க வேண்டாம், அடுத்த நாளே எடுத்துவிடுங்கள், நீ பதினாறாம் நாளுக்கு வந்தால் போதும்’ என்று அப்பாவே சொல்லியிருந்தால், கடைசி முகம் பார்க்காத குற்றத்தை மகன் ஆயுள் முழுவதும் சுமக்க வேண்டியிராது. காத்திருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் விருப்பமானால், அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

இந்தப் பேச்சையெல்லாம் விமான நிலையத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். பயணச்சீட்டு இல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. வாசலில் வண்டிகளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே, கடவுச்சீட்டைத் தேடிக்கொண்டிருக்கும் மகனிடம் எதையும் சொல்ல முடியாது. கடைசி வாரத்தில் சொந்தக்காரர்கள் வருகை ஓய்ந்த ஏதாவதொரு மாலையில், வீட்டிலேயே, நீங்களும் மகனும் மட்டும் உட்கார்ந்து பேசி முடியுங்கள். விமான நிலையம் வரை உடன் செல்வதா, வாசலிலேயே வழியனுப்பிவிடுவதா என்பதை உங்கள் மனைவியின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.