சொந்த நிலம் இல்லாமல் கைத்தொழில் செய்பவருக்கு பெர்மாகல்ச்சர் எந்த வகையில் உதவும்?

கேள்வி கேட்டவர் சென்னையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு துணிப்பை தைத்து விற்கிறவர். "இதெல்லாம் தோட்டம் வைத்திருப்பவர்கள் சமாச்சாரம்தானே?" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார். பெர்மாகல்ச்சர் என்றால், இயற்கை இயங்கும் விதத்தைக் கவனித்து, ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உதவும்படி தோட்டத்தையும் வாழ்க்கையையும் அமைத்துக்கொள்ளும் முறை. அது தோட்டக்காரர்களுக்குத்தான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். தொழிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவே 3 வருஷம் ஆனது, அதுவும் வாழை கெட்டுப்போனதால்.

நான் உடன்குடிப் பக்கம். சென்னையில் பேக்கேஜிங் டிசைன் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவன். அத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் பனை ஓலைப் பெட்டி முடைகிறார்கள். அளவு, வடிவம், ஆர்டர், கூரியர் எல்லாம் என் பாடு. வீடு, கொல்லை எல்லாம் சேர்த்து 6 சென்ட். மண் தேரி மண், செக்கச்செவேலென்று இருக்கும், தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய இடம் தெரியாது.

பெர்மாகல்ச்சர் என்ற சொல் 1970களில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தது. பில் மோலிசனும் அப்போது மாணவராக இருந்த டேவிட் ஹோம்கிரனும் 'பெர்மனன்ட்', 'அக்ரிகல்ச்சர்' இரண்டையும் ஒட்டிச் செய்த சொல். 1978இல் புத்தகமாக வந்தது. மண்ணைப் பேணு, மனிதரைப் பேணு, மிஞ்சுவதைப் பங்கிடு என்று மூன்று அறங்கள். அதன்மேல் ஹோம்கிரன் 2002இல் 12 கொள்கைகளை எழுதினார். முதல் கொள்கை, 'முதலில் கவனி, பிறகு கை வை' என்பது. அதைத்தான் நான் முதலில் மீறினேன்.

வீடியோ பார்த்த வேகத்தில் குளியலறைத் தண்ணீர் போய் விழும் இடத்தில் 3 அடிக்குக் குழி தோண்டிச் சுற்றிலும் வாழை வைத்தேன். தண்ணீர் அப்படியே மணலுக்குள் இறங்கிப் போனது, கன்று வாடியே நின்றது. அத்தை ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏல, ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துத. அடியில எதையாவது போட்டு அடைல." முடைந்தபின் மிஞ்சும் ஓலைத் துண்டு, கருக்கு, காய்ந்த மட்டை எல்லாவற்றையும் குழியில் கொட்டினோம். இரண்டு மாதத்தில் உள்ளே கை விட்டால் ஈரம். வாழை நிமிர்ந்தது. அதுவரை அந்த ஓலைக் கழிவை நாங்கள் வாசலில் கூட்டிவைத்துக் கொளுத்திக்கொண்டிருந்தோம்.

இதுவரை தோட்டக் கதைதான். அடுத்து நடந்ததுதான் உங்களுக்கு வேண்டியது.

ஒரு கல்யாண வீட்டுக்காரர் 200 பெட்டி கேட்டார், சிவப்பும் ஊதாவும் வேண்டும் என்றார். கடைச் சாயத்தை வாங்கி, கொதிக்கவைத்து ஓலையை முக்கி எடுத்தோம். மிஞ்சிய சாயத்தண்ணீரை எங்கே கொட்டுவது? சாக்கடை இல்லாத வீடு. நான் யோசிக்காமல் அந்தக் குழியில் கொட்டினேன். வாழை இலையின் ஓரம் கருகிக்கொண்டே வந்தது, இரண்டு மரம் போயே போய்விட்டது. சாயமா, அதில் போட்ட உப்பா, கொதி ஆறாமல் ஊற்றியதா, எது கொன்றது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தண்ணீரை நான் சிட்டியில் இருந்திருந்தால் கழிவறையில் ஊற்றிவிட்டு மறந்திருப்பேன். இங்கே அது என் கண்முன்னால் நின்று கருகியது.

அதற்குப் பிறகு சாயத்தை விட்டோம். இது டிசைன் முடிவாகவே மாறியது. குருத்தோலை காய்ந்தால் தந்தம் மாதிரி வெளுப்பு. முற்றிய சாரோலை காய்ந்தால் பழுப்பு. இந்த இரண்டை வைத்தே கட்டம், கோடு, நட்சத்திரம் எல்லாம் வரும். நிறம் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு மாதிரியைக் காட்டுவேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் வேறு கடைக்குப் போவார்கள்.

பெட்டிக்குள் எண்ணெய்ப் பலகாரம் வைத்தால் ஓலை கறைபடும். உள்ளே பிளாஸ்டிக் தாள் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டவர்கள் நிறைய. அந்த வாழைக் குழி ஞாபகம் வந்தது. வாழைச் சருகு! வெற்றிலையையும் பூவையும் அதில் சுற்றித்தானே கொடுத்தார்கள். இப்போது வீட்டு வாழையின் சருகைத் துடைத்து, லேசாக நனைத்து நிமிர்த்தி, பெட்டிக்கு உள்விரிப்பாகப் போடுகிறோம். குளித்த தண்ணீர் வாழையாகி, வாழை சருகாகி, சருகு பெட்டிக்குள் போகிறது; பெட்டியின் கழிவு திரும்பக் குழிக்கு வருகிறது. இப்படி எழுதும்போது அழகாக இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் சருகு காயாமல் பூஞ்சை பிடித்து ஒரு ஆர்டரே கெட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் அந்த இரண்டு மாதம் பலகாரப் பெட்டி எடுப்பதில்லை. சுளகு, கூடை, பழைய பெட்டிக்கு விளிம்பு கட்டுவது என்று போகும்.

'மனிதரைப் பேணு' என்பதை நான் ரொம்ப நாள் அலங்கார வாக்கியமாகத்தான் வைத்திருந்தேன். ஓலை எங்கிருந்து வருகிறது? ஒரு பனை சுமாராக மாதத்துக்கு ஒரு குருத்துதான் விடும். கையடக்கப் பெட்டி என்றால் ஒரு குருத்தில் நாலைந்து வரும். 200 பெட்டிக்கு எத்தனை மரத்தில் கை வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஓலை தரும் அண்ணாச்சிக்கு 60 வயது தாண்டிவிட்டது. பதநீர்ப் பருவத்தில் ஒவ்வொரு மரத்திலும் தினம் இரண்டு வேளை ஏறி இறங்குகிறவர். பெரிய ஆர்டர் சமயத்தில் நான் அவசரப்படுத்தியபோது, "பதநீ மரத்துல குருத்த எடுத்தா மரம் எளைக்கும் தம்பி. வடலியில எடுத்துக்கிடுங்க, தொரட்டியே போதும்" என்றார். வடலி என்றால் இளம்பனை. ஏற வேண்டியதே இல்லை, கீழே நின்றே அறுக்கலாம். எனக்கு டிசைன் படிப்பு இருக்கிறது, இது தெரியாது.

அப்போதிருந்து வரப்பில் நிற்கிற வடலிகளை எண்ணிவைத்து, அதற்குள் அடங்குகிற ஆர்டரை மட்டும் எடுக்கிறேன். ஓலைக்கு அண்ணாச்சி சொல்லும் விலைதான், பேரம் கிடையாது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 2021இல் அரசு அறிவித்தது. நல்லது, மரம் நிற்கும். ஏறத்தான் ஆளைக் காணோம், அண்ணாச்சியின் மகன் திருப்பூரில் இருக்கிறார்.

'இதெல்லாம் நம் பாட்டிக்குத் தெரிந்ததுதான்' என்ற பின்னூட்டம் கட்டாயம் வரும். அங்கணத்து ஓரம் கறிவேப்பிலையும் வாழையும் வைத்துக் கழனித்தண்ணி ஊற்றியது பாட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் பனை ஏறியவருக்கு என்ன கூலி, என்ன மரியாதை கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் பெருமைப்படுங்கள்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெட்டியை மட்டும் நம்பி என் வீடு ஓடவில்லை. பாதி வருமானம் இப்போதும் ஆன்லைனில் செய்யும் டிசைன் வேலையில்தான்.

இனி உங்கள் விஷயம். தொட்டியில் தக்காளி வைப்பதில் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் நிலம் அந்தத் தையல் மேசைதான். ஒரு மாதம் எதையும் மாற்றாமல் குறித்து மட்டும் வையுங்கள்: துணி எந்த ஊரிலிருந்து, யாரிடமிருந்து வருகிறது, வெட்டுத்துண்டு எத்தனை கிலோ மிஞ்சுகிறது, அது எங்கே போகிறது. பருத்தித் துண்டையும் பாலியஸ்டர் துண்டையும் முதல் நாளிலிருந்தே இரண்டு சாக்கில் பிரித்துப் போடுங்கள். கலந்துவிட்டால் பிறகு எதற்கும் ஆகாது. பருத்தி என்றால் மிதியடி, திண்டுக்கு அடைப்பு, தெருமுனை மெக்கானிக்குக் கைதுடைக்கும் துணி என்று வழி இருக்கிறது. அதற்கு முன்னால், துண்டு ஏன் மிஞ்சுகிறது என்று பாருங்கள். துணியின் அகலத்தை அளந்து, அது மிச்சமில்லாமல் வகுபடுகிற மாதிரி பையின் அளவை மாற்ற முடியுமா? நான் பெட்டியின் அளவை ஓலையின் நீளத்துக்கு மாற்றியபோது கழிவு கண்ணில் தெரிகிற அளவுக்குக் குறைந்தது. துணி அகலம் எத்தனை இஞ்ச், பை என்ன அளவு என்று கமெண்டில் எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.