சம்பளம் வராத ஹேங்கரில் கையெழுத்து மட்டும் வேண்டுமாம்

கேள்வி: என் கணவர் ஒரு விமானப் பராமரிப்பு நிறுவனத்தில் பி1 லைசென்ஸ் (பழுதுபார்த்த விமானத்துக்குச் சான்றுக் கையெழுத்துப் போடும் உரிமம்) பெற்ற இன்ஜினீயர். ஏழு வருட சர்வீஸ். மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. ஆனால் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கரில் விமானங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. விட்டுவிட்டு வந்தால் பாக்கி போய்விடுமோ என்று பயப்படுகிறார். வீட்டுக் கடன் தவணைக்கு என் நகையை அடகு வைக்கலாமா? போதாக்குறைக்கு, காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) தேதி முடிந்த டார்க் ரெஞ்சை வைத்தே வேலையை முடித்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம்.
- பெயர், ஊர் வேண்டாம்

பதில்: நகை இருக்கட்டும். போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ரெஞ்ச்தான் எனக்குப் பயம் தருகிறது.

போல்ட்டைச் சொன்ன அளவுக்கு முறுக்கியாயிற்று என்று காட்டும் கருவி அது. அடுத்த சோதனை எப்போது என்று அதில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்தச் சோதனைக்கு அனுப்பக்கூடக் காசில்லை என்றால், முதலாளி சொல்லும் சமாதானத்தைவிட அந்த ஸ்டிக்கரை நம்புங்கள். விமானம் பறக்கலாம் என்று போடும் கையெழுத்தின் கீழே இருப்பது உங்கள் கணவரின் லைசென்ஸ் எண். நாளை ஏதாவது ஆனால், விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ அவரைத்தான் கூப்பிடும். ‘தேதி தாண்டிய கருவி, கையெழுத்துப் போட முடியாது’ என்று மெயிலில் எழுதிவிடச் சொல்லுங்கள். வாயால் சொன்னது நாளைக்கு நிற்காது.

விமான வரிசையைப் பார்த்து ஏமாற வேண்டாம். உதிரிபாகம் டாலரில் வாங்க வேண்டியிருக்கும். ஏர்லைன் பில்லைத் தீர்க்க மாதங்கள் ஆகும். நடுவில் ஏர்லைனே படுத்துவிட்டால் அந்தப் பாக்கி அதோகதி. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட்டும் நின்றதைப் பார்த்தோமே.

ராஜினாமா செய்தாலும் உழைத்த நாளின் சம்பளம் அவருடையதுதான். திவால் வழக்கு வந்தால் முன்னாள் ஊழியரும் கிளெய்ம் போடலாம். ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஜெட் ஏர்வேஸின் சொத்தை விற்றுக் கடன் தீர்க்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில். ஐந்தரை வருடம்! எத்தனை தவணை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டி உண்டு. பிஎஃப் பாஸ்புக்கை இன்று ராத்திரியே திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாமல் விட்டிருந்தால் உடனே பிஎஃப் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

அப்புறம், அவர் செய்த வேலைகளைக் குறித்துவைக்கும் லாக்புக். கடந்த இரண்டு வருடத்தில் ஆறு மாத அனுபவம் காட்டினால்தான் லைசென்ஸை வைத்து, விமானம் பறக்கலாம் என்ற ரிலீஸ் கையெழுத்தைப் போட முடியும். ஹேங்கரைப் பூட்டிய பிறகு சான்று தர ஆளைத் தேடி அலைய முடியாது. இந்த வாரமே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். கையோடு வேறு வேலையும் தேடட்டும்.

இப்போது நகை. வேறு இடத்து ஆஃபர் லெட்டர் வந்து, சேரும் தேதியும் தெரிந்த பிறகு வேண்டுமானால் ஒன்றிரண்டு தவணைக்கு அடகு வையுங்கள். அதுவரை வேண்டாம். மூன்று மாத அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை பேங்க் மேனேஜரைப் பார்த்து, தவணையைத் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். தவணை தவறுவதற்கு முன்பே போங்கள்.