எம்.பி.ஏ. விண்ணப்பம் மாமாவுடையது, மகளுடையது அல்ல

பட்டப்படிப்பை முடித்த மகள், குழந்தைகள் கருவிகளைக் கையாண்டு தாமே கற்கும் மாண்டிசோரி முறையில் ஆசிரியர் பயிற்சி பெற விரும்புகிறாள், "குழந்தைகளை மேய்க்கவா இவ்வளவு படித்தாள்?" என்று கேட்டு அவள் மாமா எம்.பி.ஏ.வில் சேர்க்கச் சொல்கிறார், இரவெல்லாம் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் மாமாவின் வாயை அடைப்பதற்காகக் கடன் வாங்கி எம்.பி.ஏ.வில் சேர்க்காதீர்கள். தவணை கட்டப்போவது அவர் அல்லர்.

அவர் நினைக்கிற வேலையும் இதுவல்ல. வழக்கமான வகுப்பில் ஆசிரியர் பேச, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பக்கத்தைப் புரட்டுவார்கள். மாண்டிசோரி அறையில் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் சேர்ந்திருப்பார்கள்; ஒவ்வொருவர் கையிலும் வேறு வேலை. எண்களைக் கற்றுத்தரும் விதத்தையே பாருங்கள். ஒரு பொன்னிற மணி, ஒன்று. பத்து மணி கோத்த கம்பி, பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம், நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கனசதுரம், ஆயிரம். ஒன்றை விரல்நுனியில் எடுக்கிற குழந்தை ஆயிரத்தை இரு கைகளாலும் தூக்குகிறது. மற்ற இடங்களில் ஆயிரம் என்பது மூன்று சுழியங்கள்தான்.

மரக்கட்டையின் குழிகளில் வெவ்வேறு அளவுள்ள பத்து உருளைகளைப் பொருத்தும் பயிற்சியில், ஒன்று குழி மாறினால் கடைசி உருளை உட்காராது. தவறைக் குழந்தையே கண்டுபிடிக்கும்; ஆசிரியர் வாய் திறக்கமாட்டார். எப்போது விலகியிருப்பது, யாருக்கு எந்தப் பொருளை எப்போது அறிமுகப்படுத்துவது என்று அறிவதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி. அதனால்தான் முறையான பயிற்சியில் ஒவ்வொரு பாடத்தையும் தானே எழுதித் தொகுக்கவும், கருவிகளோடு திரும்பத் திரும்பப் பழகவும், வகுப்புகளில் அமர்ந்து மணிக்கணக்கில் கவனிக்கவும் வேண்டும்.

பணத்தில் கறாராக இருங்கள். மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்கிறார்கள். இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1929-இல் தொடங்கிய சர்வதேச மாண்டிசோரி சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கருவிகளைத் தொடாமலே சில வாரங்களில் சான்றிதழ் தருகிற இடத்துக்கு ஒரு காசும் கட்டாதீர்கள். தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவுதான்; அதனால் இதற்கும் கடன் வேண்டாம். கையிருப்பு போதாவிட்டால் ஓராண்டு வேலை பார்த்துச் சேமித்த பிறகு சேரட்டும்.

விடுமுறை முழுவதும் ஒரு மழலையர் பள்ளியில் ஊதியமின்றி உதவினாள் என்று எழுதியது நீங்கள்தான். எம்.பி.ஏ. விண்ணப்பத்தை மாமா நிரப்பினார் என்று எழுதியதும் நீங்கள்தான். அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பயிற்சி மையத்துக்கு மகளோடு போங்கள். கேள்விகளை அவள் கேட்கட்டும். இடையில் விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பதை மட்டும் நீங்கள் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.