அண்ணாச்சி பதில்கள்: மதீரா தீவும் வாய்க்கா தண்ணியும்

போன இதழ்ல மதீரா தீவுக்குப் போயிட்டு வந்தேன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். போர்ச்சுகல் நாட்டோட சேந்த தீவு, அட்லாண்டிக் கடல்ல மொராக்கோவுக்கு மேக்க கிடக்கு. அந்த ஒரு வரிக்கே இத்தன பேரு கேள்வி அனுப்பியிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்.

எரிமலைத் தீவுன்னு சொல்லுதீங்களே அண்ணாச்சி, இப்பவும் புகையுமா? போக பயமா இல்லையா?
(பாளையங்கோட்டை வாசகி)

புகையாது தாயி. கடைசியா நெருப்பு கக்கி ஆறாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு சொல்லுதாங்க. பாறைய பாத்தாதான் எரிமலை ஞாபகமே வரும், அம்புட்டும் கறுப்பு. வடமேக்கு மூலையில போர்ட்டோ மோனிஸ்னு ஒரு ஊரு, அங்க அந்தக் காலத்துல ஓடி வந்த எரிமலைக் குழம்பு கடல்ல இறங்கி ஒறஞ்சு போயி, பாறைக்கு நடுவுல குளம் குளமா தண்ணி நிக்கு. அலை வந்து பாறையில மோதி உள்ள தெறிக்கும், பிள்ளைங்க பயமில்லாம அதுல குளிக்குதுங்க.

கிளைமேட் நம்ம குத்தாலம் சீசன் மாதிரி இருக்குமா?
(தென்காசி வாசகர்)

வருஷம் பூரா ஒரே சீரா இருக்கும் தம்பி. தலைநகர் ஃபுன்ஷால்ல கோடையில பகல் வெயில் 26 டிகிரி வாக்குல, குளிர்காலத்துல பகல்ல 19, 20. சுத்தி கடல் இருக்கதால ரொம்ப சூடும் ஏறாது, ரொம்ப குளிரும் இறங்காது. ஆனா ஒரே தீவுக்குள்ளயே ரெண்டு ஊரு மாதிரி, வடகிழக்குல இருந்து வார காத்து நடுமலையில முட்டி வடக்கு பக்கமே மழைய கொட்டிட்டு போயிரும், தெக்கு பக்கம் வெயிலா காஞ்சு கிடக்கும். நமக்கு இது புதுசில்லல்லா, தென்மேற்கு பருவமழை கேரளாவுல கொட்டிட்டு நம்ம பக்கம் வெறும் காத்தா வாரத வருஷா வருஷம் பாக்கோம், செங்கோட்டை கணவாய் வழியா வாரதுதான் உங்களுக்கு சாரல். மதீராவுல பிக்கோ டோ அரியெய்ரோன்னு 1,818 மீட்டர்ல ஒரு சிகரம், காரே மேல வர போகும், மேகம் பூரா காலுக்கு கீழ நிக்கும். ஸ்வெட்டர் இல்லாம போயிராதீங்க.

அங்கயும் வாழை உண்டாமே, மலையில எப்படி வைக்காங்க?
(களக்காடு, வாழை விவசாயி)

உண்டு அண்ணாச்சி. கடல ஒட்டுன தெக்கு சரிவுலதான், மேல போனா குளிருக்கு வராது. குட்டை ரகம், தார் சின்னது, பழம் நல்ல இனிப்பு. கல்லு அடுக்கி படி படியா வயக்காடு கட்டியிருக்காங்க, சில படி ஒரு திண்ணை அகலம்தான், அதுலயும் நாலு வாழை நிக்கும். டிராக்டர் போக வழியே கிடையாது, தாரை வெட்டி தோள்ல வச்சுதான் கொண்டு வாராங்க. அங்க ஆழ்கடல்ல பிடிக்கிற ஒரு கறுப்பு மீனை பொரிச்சு அது மேல பொரிச்ச வாழைப்பழத்த வச்சு குடுக்காங்க, எனக்கு அது நல்லாவே பிடிச்சிருந்தது.

அந்தத் தீவுல உங்க மனசுல நின்னது எது?
(சேரன்மகாதேவி வாசகர்)

வாய்க்கா. சிகரமும் கடலும் எந்தத் தீவுலயும் இருக்கும், இந்த வாய்க்கா அங்கதான். லெவாடான்னு சொல்லுதாங்க, 15-ஆம் நூற்றாண்டுலயே ஆரம்பிச்ச வேலை. தீவே சுமார் 740 சதுர கிலோமீட்டர்தான், அதுக்குள்ள 2,000 கிலோமீட்டருக்கு மேல வாய்க்கா. வடக்கு பக்க ஊத்துத் தண்ணிய மலைய சுத்தி சுத்தி, பாறைய கொடைஞ்சு, தெக்கு பக்க கரும்புக்கும் வாழைக்கும் கொண்டு வந்திருக்காங்க. செங்குத்து பாறையில கயித்துல தொங்கிக்கிட்டு உளியால வெட்டுனாங்களாம், அடிமைகளையும் கைதிகளையும் வச்சு வேலை வாங்கியிருக்காங்க, எத்தனையோ பேரு விழுந்து செத்தும் போயிருக்காங்க. அத நெனச்சுக்கிட்டேதான் நடந்தேன்.

வாய்க்கா ஒண்ணரை முழம் அகலம் இருக்கும், பக்கத்துல ஒரு ஆளு நடக்குற வரப்பு, அந்தப் பக்கம் அதல பாதாளம். தண்ணி ஓடுறதே தெரியாது, அம்புட்டு லேசான சரிவு, ஒரு இலை மெதந்து போறத வச்சுதான் ஓடுதுன்னு கண்டுபிடிக்கணும். மேல லாரல் மரக்காடு, 1999-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமா அறிவிச்ச காடு, மேகம் வந்து இலையில தங்கி சொட்டு சொட்டா இறங்கி அதுதான் ஊத்தா வருது. வாய்க்காவ பாக்கதுக்குன்னே ஆளு உண்டு, குப்பை அள்ளி, அடைப்பு எடுத்து, முறை வச்சு யாரு தோட்டத்துக்கு எத்தன மணி நேரம்னு மடைய தெறந்து விடுதாரு.

உங்க ஊரு வழியா ஓடுற கன்னடியன் கால்வாயும் இப்படி ஒரு வேலைதான் தம்பி. தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு, கோடகன் கால், பாளையங்கால், நெல்லை கால்வாய்னு எத்தன வாய்க்கா, மடைக்கு மடை முறை வச்சு பாய்ச்சுன ஊரு நம்ம ஊரு. அங்க உலகத்துல எங்கெங்க இருந்தோ வந்து வாய்க்கா கரையில நடக்காங்க, இங்க டவுனுக்குள்ள வார இடத்துல சாக்கடையும் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையுமா கிடக்கு. கரைய சுத்தம் பண்ணி மரம் வச்சு, நடக்குற மாதிரி ஆக்குனா நம்ம பிள்ளைங்க நடக்கும். பஞ்சாயத்துல, நீர்வளத்துறையில மனு குடுங்க, நானும் கையெழுத்து போடுதேன்.

அப்பா அம்மாவ கூட்டிட்டு போகலாமா? சைவம் கிடைக்குமா?
(வள்ளியூர் வாசகி)

தாராளமா. ஷெங்கன் விசா வேணும், துபாய் வழியா லிஸ்பன் போயி அங்க இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள இன்னொரு ஃப்ளைட். ஓடுபாதையில ஒரு பகுதிய கடல் ஓரமா 180 தூண் மேல கட்டியிருக்காங்க, காத்து பலமா அடிச்சா விமானம் இறங்காம திரும்பிரும், அதனால திரும்பி வார டிக்கெட்டுக்கு முன்னால ஒரு நாள் இடைவெளி விடுங்க. சைவத்துக்கு சீனிக்கிழங்கு சேத்து சுட்ட ரொட்டி, பூண்டு வெண்ணெய் தடவி சூடா குடுப்பாங்க, மக்காச்சோள மாவ கெட்டியா கிண்டி துண்டு போட்டு பொரிச்சதும் உண்டு. சூப்புல கறி கிடக்கும், கேட்டு வாங்குங்க. பெரியவங்கள கைப்பிடி கம்பி இருக்க வாய்க்கா பாதைக்கு மட்டும் கூட்டிட்டு போங்க, குகை வார பாதைன்னா கையில டார்ச் லைட் இருக்கட்டும்.